தலைவருக்கு ஜாமீன் இல்லை

மைக் கட்டிய சைக்கிள் வேன் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, டாக்டர் ஜெபா ஒரு சணல் தரகரின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோமியோபதியில் நாக்குக்குத்தான் முதல் மரியாதை. தரகரும் வஞ்சனையில்லாமல் நீட்டியிருந்தார்.

"ஒரு முக்கிய அறிவிப்பு! ஒரு முக்கிய அறிவிப்பு!" என்று மைக் அலறியது. "இந்த மண்ணின் மைந்தர், முன்னாள் மந்திரி, மக்கள் தலைவர் மறைந்த ஷம்ஷேர் ஆலம் சிக்தர் அவர்களின் உடல், ஆற்று அரிப்புக்கு ஆளான கபர் குழியிலிருந்து மீட்கப்பட்டு, இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நமது கமர்கஞ்ச் மேட்டில், புதிய மண்டபத்தில், அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்படும். டாக்காவிலிருந்து மந்திரி வருகிறார்! டிவி வருகிறது! பேண்டு வாத்தியம் வருகிறது! அனைவரும் வாரீர்!"

ஜெபா எழுந்து வாசலுக்கு ஓடினாள். வேன் முக்கு திரும்பும்வரை காது கொடுத்துக் கேட்டாள். சிக்தரின் பெயர் வந்தது, திரும்பவும் வந்தது, மந்திரியின் பெயர் வந்தது, பந்தல்காரனின் பெயர்கூட வந்தது. சிக்தருக்குப் பக்கத்துக் குழியில் படுத்திருக்கும் அவளுடைய அப்பாவின் பெயர் மட்டும் வரவேயில்லை.

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளறையில் மாத்திரை உருட்டிக்கொண்டிருந்த மொக்லேசுர் டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். மொக்லேசுர் அவளுடைய வீட்டுக்காரர். பார்க்க ஆறடிக் கம்பீரம். குனிந்தால் மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அப்புறம் நிமிர்த்த ரெண்டு ஆள் வேண்டும்.

"எங்க அப்பாவை விட்டுட்டுப் போறானுங்க!"

"யாரு விட்டுட்டுப் போறா?"

"லியாகத் மண்டலும் அவன் கட்சிக்காரனுங்களும். தலைவரை மட்டும் தோண்டித் தூக்கிட்டு வந்துட்டு, எங்க அப்பாவை ஆத்துக்குத் தாரை வார்க்கப் போறானுங்க. கிளம்புங்க!"

"சாப்பாடு..."

"பொரி கட்டிக்குங்க. படகுல தின்னுக்கலாம்."

படித்துறைக்கு ஓடினார்கள். தரகர் நாக்கை உள்ளே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஜெபாவின் கோபம் பாதிதான் புரியும். சிக்தரும் அவள் அப்பா கவி ஒஹாப் தரஃப்தாரும் ஒரே ஊர்க்காரர்கள். பத்மா ஆற்றங்கரையிலிருக்கும் நிஸ்சிந்தபூர். கவலையில்லாத ஊர் என்று அர்த்தம். பெயர் வைத்தவனை இப்போது அந்த ஊரில் கண்டால் உதைப்பார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் மந்திரியானார், மற்றவர் கவியானார். மந்திரி ஒரு மேடையில், பத்மாவை நான் அடக்கிக் காட்டுகிறேன், ஒரு பிடி மண்ணைக்கூட அது தொடாது என்று முழங்கினார். அதைக் கேட்டுப் பத்மா வயிறு குலுங்கச் சிரித்த கதையைக் கவி பாட்டாகக் கட்டினார். பாட்டு ஒரே வாரத்தில் படகுக்காரன் வாய்வரை போய்விட்டது. மந்திரி கவியைப் பதினோரு மாதம் சிறையில் வைத்தார். ஜெபாவின் அம்மா அந்தப் பதினோரு மாதமும் துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். வெளியே வந்த கவி முதல் வேலையாக மீசையைத் தடவிக்கொண்டு இரண்டாவது பாட்டைக் கட்டினார்.

சிக்தர் முதலில் போய்ச் சேர்ந்தார். அடுத்த குளிர்காலத்தில் கவி படுக்கையில் விழுந்தபோது, "என்னை அவன் பக்கத்துல போடுங்க, தனியா விட்டா அவன் மேடை போட்டுப் பேச ஆரம்பிச்சுடுவான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அப்படியே செய்தார்கள். இருபது வருஷமாக ஜெபா மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் படகேறிப் போய், அப்பாவின் கபர் தலைமாட்டில் நின்று ஃபாத்திஹா ஓதிவிட்டு, வீட்டுக் கதை, ஊர்க் கதை, நோயாளிகள் கதை எல்லாம் சொல்லிவிட்டு வருவாள். பக்கத்துக் கபரை ஒரு முறைப்பு முறைத்துவிட்டுத்தான் திரும்புவாள்.

படகு ஊரை நெருங்கியபோது ஜெபா எழுந்து நின்று பார்த்தாள். போன மாதம் பார்த்த கரை இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, அதன் முன்னால் இருந்த மைதானமும் இல்லை. ஊர்க்காரர்கள் தகர வீடுகளைப் பிரித்துச் சுவரைச் சுவராகத் தூக்கிக்கொண்டு படகுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கதவைத் தலையில் வைத்திருந்தான், அவன் பெண்டாட்டி ஜன்னலைத் தூக்கியிருந்தாள். கரையிலிருந்து அவ்வப்போது ஒரு பெரிய துண்டு மண் பிளந்து, மரத்தோடு சேர்த்துத் தண்ணீரில் விழும். விழும் சத்தம் நெஞ்சில் கேட்கும்.

ஊர் இடுகாடான கபர்ஸ்தானுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு வாழைத்தோப்பு இருந்தது. அதில் பாதிதான் மிச்சம்.

லியாகத் மண்டல் கபர்ஸ்தான் நடுவில் இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பாவும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று, இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கமர்கஞ்ச் கட்சித் தலைவர். கூட்டி வந்த கூலியாட்கள் கடப்பாரையோடு சிக்தரின் பளிங்குக் கல்லைச் சுற்றி நின்றார்கள். பொன் எழுத்தில் பெயர் பொறித்த, ஆள் உயரக் கல். பக்கத்தில் கவியின் கபர், ஜெபா தன் வரும்படியில் கட்டிய சிமெண்டுத் திட்டு, தலைமாட்டில் ஒரு சின்னப் பலகை. மௌலவி இத்ரிஸ் மறைப்புக் கட்டுவதற்கு வெள்ளைத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆறு அடித்துக்கொண்டு போகிற கபரை இடம் மாற்றலாம், குற்றமில்லை என்று அவர்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"வாங்க டாக்டர் ஆபா!" என்றார் லியாகத். அந்தப் பக்கத்தில் ஆபா என்றால் அக்கா. "தலைவரை வழியனுப்ப வந்தீங்களா? பெரிய மனசு உங்களுக்கு."

"எங்க அப்பாவையும் எடுங்க லியாகத் பாய்."

"அப்பாவையா?" லியாகத் ஒரு போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஆர்டர்ல ஒரு பேருதான் இருக்கு. கவிஞருங்க எல்லாம் கலாசார இலாகா. அங்க மனு குடுத்தா..."

"நான் மனு எழுதி முடிக்கறதுக்குள்ள ஆறு வந்து கையெழுத்துப் போட்டுடும்!"

"நான் என்ன பண்ண ஆபா? இருக்கறது இந்த எட்டு ஆளு, ஒரு படகு. அஸருக்குள்ள போய்ச் சேரலேன்னா மந்திரி கிளம்பிடுவாரு. அதுவும் இல்லாம..." குரலைத் தாழ்த்தினார். "உங்க அப்பா தலைவரைப் பத்திப் பாடுனது எல்லாம் மறந்து போச்சுன்னு நினைக்கறீங்களா? எங்க ஆளுங்க கேட்டா என் மேல பாய்வானுங்க."

ஜெபா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஊரில் ஆம்பிளைகள் எல்லோர் தோளிலும் ஏதாவது ஒரு வீட்டின் ஒரு பாகம் இருந்தது. அவர்களைப் போய் எப்படிக் கூப்பிடுவது? மொக்லேசுரைப் பார்த்தாள். அவர் பொரி மூட்டையைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் தடவினார். வாழைத்தோப்பில் இன்னொரு வரிசை மரம் சாய்ந்தது. ஆற்றுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் வேண்டும். அப்பாவின் எலும்புகளை மீன் கொத்துவதை நினைத்துப் பார்த்தாள்.

கூலியாள் கடப்பாரையைப் பளிங்குக்கு அடியில் செருகினான்.

அப்போதுதான் அவள் வாய் அந்தப் பொய்யைச் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை. அவளுடைய அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த ஒரே சொத்து அந்த வாய்தான்.

"தோண்டுங்க, தோண்டுங்க. எங்க அப்பாவுக்கும் ஒரு தடவையாவது அரசு மரியாதை கிடைக்கட்டும்."

லியாகத் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? எங்க அப்பாவை அடக்கம் பண்ணின மறு மழைக்காலம் பெரிய வெள்ளம் வந்துதே. ஒரு மாசம் இந்த இடம் முழுக்கத் தண்ணிக்கு அடியில கிடந்துது. வடிஞ்சப்பறம் பாத்தா இடுப்பளவு வண்டல். அப்ப ரெண்டு பேருக்கும் சின்னப் பலகைதான். பலகைங்க ரெண்டும் எங்கேயோ கிடந்து பொறுக்கி எடுத்து நட்டாங்க. அவசரத்துல மாத்தி நட்டுட்டாங்க."

"யாரு சொன்னா?"

"எங்க அம்மா சாகறப்ப சொன்னாங்க. எனக்கு என்ன, சண்டை வேணாம்னு விட்டுட்டேன். நீங்க பளிங்குக் கல்லு வச்சது எங்க அப்பா மேல. நீங்க இருபது வருஷமா மாலை போட்டது எங்க அப்பாவுக்கு. இன்னிக்கு மந்திரி வந்து சல்யூட் அடிக்கப் போறதும் எங்க அப்பாவுக்கு. தோண்டுங்க, ஏன் நின்னுட்டீங்க?"

வெள்ளம் நிஜம். பலகைகளைப் பொறுக்கி நட்டதும் நிஜம். மாறிப்போன கதையும் அம்மா சொன்ன கதையும் அந்த நிமிஷம் பிறந்தவை.

லியாகத்தின் கறுப்புக் கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்கியது. "சும்மா சொல்றீங்க."

"சும்மாவா?" ஜெபா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்களே கேளுங்க!"

கூட்டம் எப்போதோ சேர்ந்துவிட்டது. வங்காளத்தில் ஒரு தகராறு நடக்கிற இடத்தில் வீடு ஆற்றோடு போனாலும் நாலு பேர் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கதவைத் தலையில் வைத்திருந்தவன் கதவோடு நின்றான். மிட்டாய்க்கடை நிதாய் ஷா தன் பெரிய பால் கடாயைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்.

"டாக்டரம்மா சொல்றது சரிதான்!" என்றார் நிதாய். "நானே பாத்தேன். அப்பவே சொன்னேன், தலைவர் பலகை வடக்குப் பக்கம் இருந்துதே, ஏன் தெற்கே நடறீங்கன்னு. யாரு கேட்டாங்க?"

"நீ அப்ப உன் மாமனார் வீட்டுல இருந்தே!" என்று யாரோ கத்தினார்கள்.

"மாமனார் வீட்டுலேருந்து வந்து பாத்தேன்!"

"பலகையை நட்டதே எங்க சித்தப்பா," என்றான் கதவுக்காரன். "அவருக்குப் படிக்கவே தெரியாது."

"படிக்கத் தெரியாதவன்கிட்டயா குடுத்தாங்க?"

"படிச்சவங்க எல்லாம் கூரை மேல இருந்தாங்கய்யா!"

அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு ஞாபகம் வந்துவிட்டது. ஒருத்தர் தெற்கு என்றார், ஒருத்தர் வடக்கு என்றார், ஒருத்தர் பலகை மூன்று இருந்தது என்றார். ஜெபா ஒரு பொய்தான் சொன்னாள். கால் மணியில் ஊர் அதற்கு நாற்பது சாட்சி கொடுத்துவிட்டது. லியாகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. தலைவரைப் பாட்டுப் பாடிக் கேலி செய்த கவிக்கு மந்திரி குண்டு முழங்க மரியாதை செய்வதும், தலைவர் நிஸ்சிந்தபூர் மீனுக்கு இரையாவதும், அது டிவியில் வருவதும் அவர் கண்முன் ஓடியது அப்பட்டமாகத் தெரிந்தது.

அவர் டாக்காவுக்கு, தலைவரின் மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"அப்பாவோட இடது தொடையில இரும்புத் தகடு இருக்கு, லியாகத்," என்றது குரல். "கார் விபத்துக்கு அப்புறம் லண்டன்ல வச்சது. திருகாணியெல்லாம் போட்டு. எலும்பு மக்கினாலும் அது மக்காது. பாத்துட்டு எடு. தப்பா எடுத்தியோ, உன்னையே அந்த மண்டபத்துல போட்டுடுவேன்!"

லியாகத் உயிர் வந்த மாதிரி சிரித்தார். "அவ்வளவுதானே! முதல்ல பளிங்குக் கல்லுக்கு அடியில பாப்போம். தகடு இருந்தா ஏத்திட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

ஜெபா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பளிங்குக்கு அடியில் தகடு இருக்கத்தான் போகிறது. பார்த்த மறுநிமிஷம் இவர்கள் கிளம்பிவிடுவார்கள். அப்பாவின் திட்டை எவனும் தொடக்கூட மாட்டான். முதலில் அப்பாவைத் தோண்ட வைக்க வேண்டும். தகடு இல்லை என்று தெரிவதற்குள் எலும்புகள் வெளியே வந்திருக்கும். வெளியே எடுத்ததைத் திரும்பக் குழியில் போட்டுவிட்டுப் போகும் தைரியம் மௌலவி முன்னால் எவனுக்கும் வராது.

"ஏன் லியாகத் பாய், உங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள். "ஆத்துப் பக்கம் இருக்கறது எது? எங்க அப்பா திட்டு. அதுதான் முதல்ல விழும். அதுக்கடியில தலைவர் இருக்காருன்னு நான் சொல்றேன், ஊரே சொல்லுது. நீங்க இந்தப் பளிங்கைப் பேத்துட்டு இருக்கறப்ப அது சரிஞ்சா? டாக்காவுக்கு நீங்கதான் போன் பண்ணிச் சொல்லணும்."

மண் பிளக்கும் சத்தம் கேட்டது. தோப்பின் கடைசி வரிசையும் காணோம். அதைவிட நல்ல வக்கீல் அவளுக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

"இந்தப் பக்கம் வாங்கடா!" என்று லியாகத் கத்தினார்.

துணி மறைப்புக் கட்டினார்கள். "பொம்பளைங்க கொஞ்சம் தள்ளி..." என்று மௌலவி ஆரம்பித்தார்.

"மௌலவி சாயேப், உங்க வாயுவுக்கு மாசாமாசம் மருந்து யாரு தர்றது?"

மௌலவி துணி முடிச்சுக்குத் திரும்பிவிட்டார். மறைப்பில் ஒரு ஓரத்தை அவளுக்காகவே தளர்த்திக் கட்டினார் என்றுகூடச் சொல்லலாம்.

சிமெண்டு உடைந்தது. அவள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய திட்டு அது, ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. உடை, இன்னும் உடை. வா அப்பா, வா, வெளியே வா. மண் ஈரமாக, கறுப்பாக வந்தது. மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ளினார்கள். மௌலவி குழிக்குள் இறங்கி, பிஸ்மில்லா சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துப் புது வெள்ளைத் துணியில் அடுக்கினார். ஜெபா தலையில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொங்கிப் பொங்கி அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்ற அழுகை அது.

"இரும்பு!" என்று குழிக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான். "பாய், இரும்பு! திருகாணி இருக்கு!"

மறைப்புக்கு வெளியே ஊர் ஹோவென்று இரைந்தது. நிதாய் கடாய் மேலிருந்தே குதித்தார். "நான் சொல்லல? நான் சொல்லல?"

ஜெபா மட்டும் அசையாமல் நின்றாள். மௌலவி கையில் ஒரு தொடை எலும்பு, அதன்மேல் கறுத்துப்போன ஒரு தகடு. அவள் சொன்ன பொய் அவள் கண்முன் உண்மையாகிவிட்டது. இருபது வருஷம் தலைமாட்டில் நின்று அழுதது இந்த ஆளுக்காகவா? அம்மா செத்ததைச் சொன்னது, குழந்தை தங்காததைச் சொன்னது, சிக்தரைத் திட்டித் தீர்த்தது, எல்லாம் சிக்தரிடமேவா? அப்பா, பக்கத்துப் பளிங்குக்கு அடியில் படுத்துக்கொண்டு, மாதா மாதம் பெண்ணிடம் முறைப்பு வாங்கிக்கொண்டிருந்தாரா?

யோசிக்க ஆறு அவகாசம் தரவில்லை. லியாகத் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆபா, மானத்தைக் காப்பாத்திட்டீங்க! நீங்க மட்டும் சொல்லலேன்னா தலைவரை ஆத்துல விட்டுட்டு உங்க அப்பாவைத் தூக்கிட்டுப் போயிருப்பேன். டேய், ஏத்துங்கடா படகுல! நேரமாச்சு!"

"எங்க அப்பா?"

"அதான் நேரமில்லையே ஆபா. பளிங்கைப் பேக்கணும்னா..."

"அந்தக் கல்லுக்கு அடியில எங்க அப்பா இருக்காரு!"

"தெரியுது. நான் வேணும்னா மண்டபத்துல அவரு பேரையும் ஒரு ஓரமா எழுதச் சொல்றேன். மந்திரி கிளம்பிடுவாரு ஆபா, கோவிச்சுக்காதீங்க."

கூலியாட்கள் கடப்பாரைகளை எடுத்துத் தோளில் வைத்தார்கள். அவள் கையிலிருந்த ஒரே துருப்புச் சீட்டும் போய்விட்டது. பொய்யாகவே இருந்து தொலைந்திருந்தால் அப்பா இந்நேரம் துணிக்குள் இருந்திருப்பார். அது உண்மையானதுதான் வினையாகிவிட்டது.

சிக்தரின் எலும்புகளைக் கட்டிய துணி மூட்டை குழி ஓரத்தில் இருந்தது. ஜெபா நாலு எட்டில் போய் அதைத் தூக்கினாள். அப்படியே பளிங்குக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"ஆபா! என்ன பண்றீங்க! அது தலைவரு!"

"தெரியும். எங்க அப்பாவைப் பதினோரு மாசம் உள்ள வச்ச தலைவரு. எங்க அம்மா கண்ணு ஊசியிலயே போச்சு. இன்னிக்கு அவரு உள்ள இருக்காரு. எங்க அப்பா வெளிய வர்ற வரைக்கும் இவருக்கு ஜாமீன் இல்ல!"

கூட்டத்தில் எழுந்த ஆரவாரத்தில் எதிர்க்கரை நாரைகள் பறந்தன. கதவுக்காரன் கதவைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினான். "அப்படிப் போடு ஆபா!" "கவியோட பொண்ணுடா!" யாரோ ஆறு சிரித்த பாட்டை எடுத்துவிட, பின்னால் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"மௌலவி சாயேப், நீங்க சொல்லுங்க!" லியாகத் அழாக்குறையாகக் கேட்டார். "புடுங்கி எடுத்துடவா?"

"செத்தவங்க மையித்தைப் பிடிச்சு இழுபறி பண்றது பெரிய பாவம்," என்றார் மௌலவி, தாடியைத் தடவிக்கொண்டு. "தலைவருக்கு வலிக்கும்."

"டேய், பாத்துட்டு நிக்கறீங்களா?" என்று நிதாய் கடாயிலிருந்து இறங்கினார். "வீடு போனா வேற வீடு கட்டிக்கலாம். கவி போனா?" அவர்தான் முதல் மண்வெட்டியை எடுத்தார். அடுத்த நிமிஷம் தகரங்களையும் தூண்களையும் போட்டுவிட்டு ஊரே ஓடிவந்தது. லியாகத்தின் ஆட்களும் யாரையும் கேட்காமல் கடப்பாரையை இறக்கினார்கள். லியாகத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், ஜெபாவின் மடியைப் பார்த்தார். அப்புறம் இஸ்திரி ஜிப்பாவின் கையைச் சுருட்டிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார்.

"கல்லுலேருந்து எழுந்திருங்க ஆபா, அப்பதானே பேக்க முடியும்!"

"ரெண்டு பேருக்கும் ஒரே மண்டபம். சரியா?"

"சரி!"

"ரெண்டு பேருக்கும் மரியாதை."

"சரிம்மா சரி! உங்க அப்பா அங்க போயும் தலைவரைக் கிண்டல் பண்ணப் போறாரு, அதானே? பண்ணட்டும்!"

அவள் எழுந்து மூட்டையோடு தள்ளி நின்றாள். பளிங்கு புரண்டது. மண் பறந்தது. தோண்டத் தோண்ட, புதுக் குழிக்கு ஊர்ப்பக்கத்தில் ஒரு விரிசல் ஓடுவதை அவள்தான் முதலில் பார்த்தாள். கை நுழையும் அளவு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் நுழையும் அளவாயிற்று.

"வெளிய வாங்க! விரிசல்! எல்லாரும் வெளிய வாங்க!"

எல்லோரும் குதித்து வெளியே வந்தார்கள். மௌலவியையும் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். துணி குழிக்குள்ளேயே விரிந்து கிடந்தது. அதில் அப்பாவின் எலும்புகள் பாதிதான் சேர்ந்திருந்தன. ஜெபா மூட்டையோடு குழியை நோக்கி ஓடினாள். அவளுக்கு முன்னால் யாரோ தொப்பென்று உள்ளே குதித்தார்கள்.

மொக்லேசுர். பொரி மூட்டை கரையில் சிதறிக் கிடந்தது. ஆறடி மனிதர் இரண்டாக மடங்கி, மண்ணோடு மண்ணாக அள்ளி அள்ளித் துணியில் போட்டார். "மாமா, கொஞ்சம் பொறுத்துக்குங்க, மாமா, வந்துடுங்க" என்று பேசிக்கொண்டே அள்ளினார்.

"ஏங்க! போதும்! வாங்க!"

"தலை வரல ஜெபா! இரு!"

அவர் தலையையும் எடுத்து வைத்து, துணியின் நாலு முனையையும் முடிந்து தூக்கிப் பிடித்ததும் நாலைந்து கைகள் அவரையும் துணியையும் சேர்த்து இழுத்தன. எல்லோரும் பின்பக்கமாக விழுந்து உருண்டார்கள். நிலம் ஒரு முனகல் முனகிவிட்டுச் சாய்ந்தது. குழிகள் இரண்டும், தலைவரின் பெயர் பொறித்த பளிங்கும், கவியின் சின்னப் பலகையும், மௌலவியின் மறைப்புத் துணியும் ஒரே சமயத்தில் பத்மாவுக்குள் போயின.

மொக்லேசுர் மடங்கியது மடங்கியபடியே கிடந்தார், மார்பில் மூட்டை. நிமிர முடியவில்லை. ஜெபா அவர் பக்கத்தில் மண்டிபோட்டு, ஊர் பார்க்க, அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். மௌலவி ஆற்றைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு மூட்டையோடும் படகில் ஏறிய பிறகு லியாகத் ஜிப்பாவில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு போனும் விடாமல் அடித்தன. எடுத்து, "வரோம் சார், வரோம், ரெண்டு பேரா வரோம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மொக்லேசுர் படகின் அடிப்பலகையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு முனகினார். இன்ஜின் சூடு பிடித்து, கரை விலகியது.

"ஜாமீன் குடுத்துடுங்க ஆபா," என்றார் லியாகத், கைகளை நீட்டி.

ஜெபா கொடுக்கத்தான் நினைத்தாள். கைகள் வரவில்லை. இத்தனை வருஷத்து வெள்ளிக்கிழமைகளும் இந்த மூட்டைக்குப் போயிருந்தன. அவளுடைய குடும்பத்தின் கஷ்டம் அத்தனையும் தெரிந்த ஒரே ஆள் இவர். ஒரு தடவையாவது எழுந்து, நான் உன் அப்பன் இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா? பாவம், எப்படிச் சொல்வார். அவ்வளவு திட்டையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு கிடந்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றாள். முக்காட்டைச் சரிசெய்து, கண்ணை மூடி, ஒரு ஃபாத்திஹா ஓதினாள். இந்தத் தடவை யாருக்கு ஓதுகிறோம் என்று தெரிந்தே ஓதினாள். முடித்ததும் மூட்டையை லியாகத்தின் கையில் பதமாக வைத்தாள். "போய்ட்டு வாங்க சாச்சா," என்று, சித்தப்பாவிடம் சொல்வது போல், அதனிடம் சொன்னாள்.

பிறகு அப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு லேசாக இருந்தார். துணியின் ஒரு முனையிலிருந்து ஈர மண் அவள் புடவையில் உதிர்ந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியாது. அம்மா போனது தெரியாது, பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது தெரியாது, படகின் அடிப்பலகையில் முனகுவது யார் என்றுகூடத் தெரியாது. கமர்கஞ்ச் கரை இன்னும் கண்ணில் படவில்லை.

"அப்பா," என்றாள். "நான்தான், ஜெபா. முதல்லேருந்து சொல்றேன், கேளுங்க."